கொலுசுக்காரி ஊதிய மூச்சு

“மூக்கை அடைச்சுட்டா நான் எப்படீங்க ஊதறது?” என்று அக்கா கேட்டதும், மூச்சுச் சோதனை எடுக்கும் பெண் சிரித்துவிட்டாள்.

தசைகள் மெல்லத் தளரும் நோய் என்று அக்காவுக்கு அப்போதுதான் முடிவாகியிருந்தது. தரையிலிருந்து எழவே கையூன்ற வேண்டியிருந்தது. மூச்சுத் தசைகளையும் நோய் தொட்டிருக்கிறதா என்று பார்த்துவரச் சேலத்து டாக்டர் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். அக்காவின் கவலை வேறு. பனமரத்துப்பட்டியில் வீட்டு முன்னறைதான் அவளுடைய கொலுசுப் பட்டறை. குழலை வாயில் வைத்து ஊதி, விளக்குச் சுடரைச் சாய்த்து, வெள்ளி வளையங்களைப் பற்றவைப்பாள்.

“மூச்சுல கோளாறுன்னுட்டா குழலைத் தொட உடமாட்டாங்க புள்ள. அப்புறம் நான் செவுத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?” என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாள்.

மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழாய். நெஞ்சு நிறைய இழுத்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். அக்கா கன்னத்தை உப்பிக்கொண்டு, நிதானமாக, சீராக ஊதினாள். திரையில் கோடு எழும்பாமல் தரையோடு ஊர்ந்தது.

“வேகமா ஊதுங்கம்மா, பலூன் வெடிக்கற மாதிரி.”

“அப்படி ஊதுனா வெள்ளி உருகி ஓடீரும் சாமி.”

மறுபடியும் அதே ஊர்கிற கோடு. “ரொம்பக் கம்மியா வருதே” என்று அந்தப் பெண் முகம் சுருக்கினாள். அக்காவின் கை என் கையைத் தேடி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுடர் ஆடாமலிருக்க, கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கிறவள் அவள். தொழிலில் ஒருநாளும் வேகமாக ஊதியதில்லை. நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு ஆர்வம் தாங்கவில்லை. கிளிப்பைக் கழற்றி ஊதிக்காட்டச் சொல்லி, எதிரே மெல்லிய காகிதத்தைப் பிடித்தாள். அது சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றது.

“ஏங்க்கா, இங்க கொலுசே இல்லைன்னு நெனச்சுக்க. ஈர விறகு, அடுப்பு பத்தமாட்டேங்குது, பசங்க பசிக்குதுன்னு கத்தறாங்க. ஊது!” என்றேன்.

“அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

கோடு சங்ககிரி மலைபோல விறுட்டென்று ஏறியது. நானும் அந்தப் பெண்ணும் கை தட்டாத குறை.

“இப்பப் படுத்துக்கிட்டு ஒரு தடவை” என்றாள் அந்தப் பெண். அதே ஈர விறகு, அதே ஆத்திரம். மலை பாதியாகிவிட்டது. திரும்ப ஊதினாள். பாதிதான்.

படுத்தால் மட்டும் ஏன் என்று நான் அவளை விடாமல் கேட்டேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறதாம். அது கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். படுத்தால் வயிறு அதை மேலே தள்ளும். தளர்ந்த தசையால் அதை எதிர்த்து இறங்க முடியாது. கொஞ்ச காலமாக அக்கா சுவரில் சாய்ந்தே தூங்குவதும், காலையில் தலைவலியோடு எழுவதும் எனக்குத் தெரியும். விளக்குச் சூடு என்று நினைத்திருந்தோம். படுத்தால் மூச்சு பத்தாததுதான் இரண்டுக்கும் காரணமாம்.

இரவில் முகமூடி மாட்டிக் காற்றுக் கொடுக்கும் மெஷின் வேண்டும் என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். அக்கா அதைக் காதில் வாங்கவேயில்லை.

“குழல் ஊதலாமுங்களா?”

“உக்காந்துதானே ஊதறீங்க?”

“படுத்துக்கிட்டு எவங்க ஊதுவா!”

டாக்டர் சிரித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். களைப்பு வருமுன் நிறுத்திவிட வேண்டும், அடிக்கடி வந்து ஊதிக்காட்ட வேண்டும், உட்கார்ந்து ஊதும் கோடும் இறங்கினால் குழலைக் கீழே வைத்துவிட வேண்டும். அக்கா மூன்றுக்கும், முகமூடிக்கும் சேர்த்தே தலையாட்டினாள்.

முகமூடியோடு தூங்கிய முதல் ராத்திரிக்கு மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். தலைவலி இல்லாமல் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“இத்தனை வருசம் நான் ஊதுனேன், இப்ப அது என்னைய ஊதுது. ஆனா ஒண்ணு புள்ள, நான் இழுக்கறப்ப ஊதுது, உடறப்ப அடங்குது. தொழில் கத்துக்கிட்ட மெஷினுதான்.”