சென்-தெனிப் போருக்குக் காத்த துடக்கு

கியூபெக்கில் மே மாதக் கடைசிக்குச் சற்று முன்னதாக ஒரு திங்கட்கிழமை விடுமுறை வரும். கனடாவின் ஏனைய மாகாணங்கள் அன்று விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளைக் கொண்டாடும். இங்கே நாம் அந்த மகாராணியின் படையை எதிர்த்து நின்ற விவசாயிகளை நினைவுகூருகிறோம். கோயிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அது மூன்று நாள் ஓய்வு. அவர்களைப் பெற்றவர்களுக்குப் பூப்புச் சடங்காகிய சாமத்தியவீடு வைக்க வசதியான நாள். மண்டபங்கள் ஓராண்டுக்கு முன்பே பதிவாகிவிடும். எங்கள் வீட்டிலோ ஒருகாலத்தில் அந்த நாளுக்குத் துடக்குக் காத்தோம். இறப்பு நேர்ந்த வீட்டின் தீட்டையே நாங்கள் துடக்கு என்போம். முப்பத்தொரு நாள் சுவாமி விளக்கு ஏற்றுவதில்லை. கோயில் வாசலை மிதிப்பதில்லை. மச்சம் மாமிசம் சேர்ப்பதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த நினைவுநாள் இன்னும் மே மாதத்துக்கு மாறியிருக்கவில்லை. போர் நடந்த நவம்பர் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மூன்றடுக்கு வீட்டின் நடுத்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான் ஆகியோருடன் சித்தியும் இருந்தார். அப்பாவின் தம்பியாகிய சித்தப்பா இன்னும் போர் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரிலிருந்து புறப்படவில்லை. சித்தி முந்தி வந்துவிட்டார். பத்திரங்கள் சரியானதும் சித்தப்பா பின்னால் வருவார் என்பது ஏற்பாடு. வரும்போதே சித்தி பிள்ளைத்தாய்ச்சி. மார்கழி நடுவில் பேறு என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். சித்தப்பாவுக்கென்று மலிவு விற்பனையில் வாங்கிய குளிர்காலக் கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் சித்தி அதைக் காட்டி, “இவர் வந்திட்டார், ஆள்தான் இன்னும் வரேல்லை” என்று சொல்லிச் சிரிப்பார்.

என் கவலை வேறு. அந்த ஆண்டு கார்த்திகை விளக்கீட்டுக்குச் சைவக் குடும்பங்கள் சில சேர்ந்து, ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தன. அங்கே ஒரு பதிகம் பாடும் பேறு எனக்கு வாய்த்திருந்தது. ஒலிநாடாவில் கேட்டுக் கேட்டுப் பத்துப் பாடல்களையும் பாடமாக்கிவிட்டேன். ஓதுவார்க்கு வரும் பயனைச் சொல்லும் கடைக்காப்பு ஒன்றுதான் மீதியாக இருந்தது. சபையில் நான் பாடுவது அதுவே முதல் முறை.

கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர் தனியே வாழ்ந்தார். பிரெஞ்சுக்காரர், வயதானவர், மனைவியை இழந்தவர். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் சென்-தெனி என்னும் ஆற்றங்கரை ஊரில் வைக்கோல் அள்ளும் முட்கரண்டியோடு போருக்குப் போனவராம். அந்த ஊரின் விவசாயிகள் ஒரு பகல் முழுவதும் எதிர்த்து நின்று பிரித்தானியப் படையைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் மற்ற ஊர்களில் தோற்றார்கள். பன்னிருவர் மொன்றியல் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த வரலாறு முழுவதையும் அவர் வெளிப்படிக்கட்டில் நின்றபடி எனக்குச் சொன்னார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். வீட்டு உரிமையாளரின் பிள்ளைகள் ஒருவரும் நினைவுநாளுக்கு வரச் சம்மதிக்கவில்லை. ஆகவே எங்களை அழைத்தார். அப்பா மறுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்த அப்பா தேநீர் வேண்டாம் என்றார். தலையிடி என்றார். ஞாயிறு காலையிலும் அவர் முகம் தெளியவில்லை.

“தலையிடியெண்டால் போகாதையுங்கோவன்” என்றார் அம்மா.

“சொன்ன சொல்லு. பிள்ளை, நீயும் வா. கதைக்க ஆள் வேணும்.”

வீட்டு உரிமையாளர் கம்பளித் தொப்பியும், அம்புவடிவ நெசவு கொண்ட சிவப்பு இடைக்கச்சையும் அணிந்து, தம் காரிலேயே எங்களை அழைத்துச் சென்றார். ஜாக் கார்த்தியே பாலத்துக்கு அருகில், பழைய சிறைச்சாலையின் முன் ஒரு நினைவுக்கல் நின்றது. அதன்மேல் சிறகொடிந்த ஒரு பெண்ணுருவம். ஐம்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடிகள் காற்றில் படபடத்தன. தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்களை ஒருவர் ஒவ்வொன்றாக வாசிக்க, கூட்டம் அதனைத் திருப்பிச் சொன்னது. முதற்பெயர் வந்ததும் அப்பா குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். உறைந்த தரையில் காலுறையோடு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பூ வைத்துத் திரும்பும்போது அப்பா என் தோளைத் தொட்டார்.

“பிள்ளை, ஐயாவைக் கேள். அந்தச் சண்டையில விழுந்த ஆக்களின்ரை உடம்பு சொந்தக்காரருக்குக் கிடைச்சதோ?”

நான் கேட்டேன். சிலருடையது கிடைத்தது, ஆனால் அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தது பாவம் என்று அந்நாளில் ஆயர் அறிவித்திருந்தார், ஆகையால் அவ்வாறு இறந்தவர்களுக்குத் திருச்சபை கிரியை மறுத்தது, மந்திரிக்காத மண்ணில் செபமின்றிப் புதைத்தார்கள் என்றார் வீட்டு உரிமையாளர்.

“ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?”

“வீட்டுக்குள் ஏதாவது செய்திருப்பார்கள்” என்றார் அவர். “வெளியே தெரியாமல்.”

அப்பா தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்த் தலைமுழுகினார். என்னையும் முழுகச் சொன்னார். ஈரத்தலையோடு வந்து, அம்மா மாலை விளக்குக்குத் திரி வைத்துக்கொண்டிருந்த சுவாமித்தட்டின் முன் நின்று, இன்றிலிருந்து முப்பத்தொரு நாள் இந்த வீட்டில் எல்லாருக்கும் துடக்கு என்றார்.

முதலில் சிரித்தவர் சித்திதான். “அத்தான், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின செத்தவீட்டுக்கு இப்ப துடக்கோ? அப்ப எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலுக்குக் கீழ்வீட்டு ஐயாவையும் கூப்பிடுவமோ?”

“கிரியை இல்லாமல் போன சனம், தங்கச்சி. ஆராவது ஒராள் காக்கட்டும்.”

“உங்களுக்கென்ன விசரே?” என்றார் அம்மா. “பிள்ளை விளக்கீட்டுக்குப் பாடவேணும். ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

“அடுத்த வருஷமும் விளக்கீடு வரும்.”

நான் அழுதேன். சித்தி எனக்காக அன்றிரவுச் சாப்பாடு வரை வாதாடினார். “பாவம் பிள்ளை. வெள்ளைக்காரர் சண்டை பிடிச்சதுக்கு இவள் என்ன செய்வாள்?” அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். அம்மா என் பக்கம் இருக்கிறார், நாளைக்குள் அப்பாவை வென்றுவிடுவார் என்ற நம்பிக்கையோடு உறங்கினேன். ஆனால் மறுநாள் காலையில் விளக்கைத் துடைத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரியில் வைத்தவர் அம்மாதான். அவர் ஏன் ஓர் இரவுக்குள் கட்சி மாறினார் என்று கேட்டேன். அம்மா அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

ஆத்திரம் தீராமல் கீழே போய், உங்கள் ஆட்களால் எங்கள் வீட்டில் விளக்கில்லை, நானும் பாட முடியாது என்று வீட்டு உரிமையாளரிடம் பிரெஞ்சில் முறையிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஒரு பெரிய பானை நிறையப் பட்டாணி சூப் எங்கள் வாசலுக்கு வந்தது. அதில் பன்றியிறைச்சி மிதந்தது. அம்மா நன்றி சொல்லி வாங்கி, மேல்தளத்துக் கிரேக்கக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

விளக்கீட்டன்று பனி பெய்தது. சென்ற ஆண்டு எங்கள் இரும்புப் படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் அகல் இருந்தது. இவ்வாண்டு படிகள் வெறுமையாக வெளுத்துக் கிடந்தன. அப்பா வேலையிலிருந்து வர நேரம் இருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தார். சித்தி என்னைத் தம் அறைக்குள் கூப்பிட்டார்.

“எனக்கு மட்டும் பாடு. வயித்துக்குள்ள இருக்கிறதும் கேக்கட்டும்.”

“அப்பா ஏசுவார்.”

“ஏசினால் நான் கதைக்கிறன். பாடு.”

பாடினேன். சித்தி சுவரில் சாய்ந்து கண்களை மூடி, தாளத்துக்கு விரலை அசைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் பாடலில் முன்கதவு திறந்த ஓசை கேட்டது. என் குரல் தளர்ந்தது. சித்தி நிறுத்தவேண்டாம் என்று கைகாட்டினார். பத்தும் பாடிக் கடைக்காப்பையும் ஒருவாறு முடித்து வெளியே வந்து பார்த்தேன். அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல், சப்பாத்திலிருந்து பனி உருகி ஓட, நடையில் தரையோடு அமர்ந்திருந்தார். ஏசவில்லை. “கடைசிப் பாட்டில ஒரு அடி விட்டிட்டாய்” என்று மட்டும் சொன்னார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் பிந்தி ஆண்குழந்தை பிறந்தது. அது பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்தபின் ஒரு முற்பகலில் அப்பா சித்தியை முன்னறையில் உட்காரவைத்தார். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் கதவடியில் நின்றேன். சித்தப்பா சந்திக்குப் போன வழியில் செல்குண்டு விழுந்தது என்றும், எடுக்க ஒன்றும் இருக்கவில்லை என்றும், செய்தி நவம்பர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை வேலைத்தலத்துக்குத் தொலைபேசியில் வந்தது என்றும், வயிற்றுப் பிள்ளைக்குப் பயந்து மறைத்தேன் என்றும் அப்பா சொன்னார். ஒரு சொல்லையும் அவர் அழகுபடுத்தவில்லை.

சித்தி உடனே அழவில்லை. “எந்த வெள்ளிக்கிழமை, அத்தான்?” என்று கேட்டார்.

“நாங்கள் அந்த நினைவுநாளுக்குப் போனதுக்கு முதல் வெள்ளி.”

அவர் விரல்களை மடக்கி நாள் எண்ணினார். “அதுக்குப் பிறகு விளக்குக் கொளுத்தேல்லை. மச்சம் தின்னேல்லை. கோயிலுக்குப் போகேல்லை.” எண்ணி முடித்து, “அப்ப நான் அவருக்குத் துடக்குக் காத்திருக்கிறன்” என்றார்.

“ஓம், தங்கச்சி. முப்பத்தொரு நாளும் காத்தனீ.”

அதன் பிறகே அவர் அழுதார். அம்மா குழந்தையை என் கையில் தந்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் அடுக்களையில் அம்மாவிடம் கேட்டேன்: “அப்ப கீழ்வீட்டு ஐயாவுக்கு நாங்கள் பொய்தானே சொன்னனாங்கள்?” அந்தப் பன்றியிறைச்சிச் சூப்பை நினைத்துத்தான் கேட்டேன். அவர் எங்களிடம் ஏமாந்துபோனார் என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. அம்மா, “போய்ப் படி” என்றார்.

அடுத்த நவம்பரில் வீட்டு உரிமையாளர் எங்களை அழைக்கவில்லை. அவருக்கு முழங்கால் நோவு, போகும் எண்ணமே இல்லாதிருந்தார். அப்பாவே கீழே இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிச்சென்றார். அன்று அப்பா அணிந்திருந்தது கதவுக்குப் பின்னால் தொங்கிய சித்தப்பாவின் கோட்டு. கை சற்றுக் குட்டையாக இருந்தது. நினைவுக்கல்லின் முன் பெயர்கள் தொடங்கியதும் முன்போலவே சப்பாத்துகளைக் கழற்றி வைத்தார். கூட்டத்தோடு சேர்ந்து ஒவ்வொரு பெயரையும் தம் வாய்க்கு வந்தபடி உச்சரித்தார். பன்னிரண்டும் முடிந்து மற்றவர்கள் பூ வைக்க நகர்ந்தபின், அவருடைய உதடுகள் இன்னும் ஒருமுறை அசைந்தன.

அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒன்றாகவே எனக்குத் தோன்றவில்லை. மிகவும் குளிர்ந்தது, எல்லாரும் போகிறார்கள், அப்பா இன்னும் ஏன் சப்பாத்தைப் போடாமல் நிற்கிறார் என்றுதான் பட்டது.