குதிரைப் படம் போட்ட பாட்டில்

அந்த மருந்துக் கடையில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. சாப்பிடுகிற மாத்திரைதான் பெயர். தைராய்டு டீச்சர் வருவார், பிரஷர் பெரியவர் வருவார், ஒற்றைத் தலைவலி அக்கா வருவார். கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிற ஃபார்மசிஸ்டுக்கும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது: அரை டாக்டர். முறையாகப் படித்தவர்தான், சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. ஆனால் டாக்டரிடம் போகச் சோம்பல்படுகிற தெருவுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். குழந்தை வாந்தி எடுத்தால் அவர், முட்டி வீங்கினால் அவர். கெட்டிக்கார மனுஷன். எந்த மாத்திரையோடு எந்த மாத்திரை சேரக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் விஷயம் என்று வந்தால் மட்டும் வாயில் பூட்டு.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவருடைய விரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

முதலில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது கத்தரிக்கோல் கோணலாகப் போனது. அப்புறம் தைராய்டு டீச்சருக்கு எடுத்த பாட்டில் கை நழுவி மேஜையில் உருண்டது. டீச்சர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன சார், காய்ச்சலா? இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"புழுக்கம்மா."

"ஏசி ஓடுது சார்."

"அது பேருக்கு ஓடுது" என்று சிரித்து மழுப்பினார். தாடை சரியாகத் திறக்கவில்லை; பல்லோடு பல் இறுகிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து மூன்று தடவை வயிற்றாலே போயிருந்தது. டீச்சர் போனதும் பிரஷர் பார்க்கிற மெஷினைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு. மெஷினில்தான் கோளாறு என்று இன்னொரு தடவை சுற்றினார். நூற்றிருபத்திரண்டு.

இங்கே கொஞ்சம் பின்னால் போகத்தான் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மனுஷன் காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். காரணம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடையின் பின்பக்க அறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ஒன்றுமே நடக்காமல், குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார். கடைசியில் இரண்டு பஸ் மாறிப் போய், தெரிந்தவர் யாரும் வராத ஒரு மனநல டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறே வாரத்தில் மனிதர் தேறிவிட்டார். பசித்தது, தூக்கம் வந்தது, ரேடியோவில் யாரோ ஜோக் சொன்னால் சிரிப்பு வந்தது. அந்த மாத்திரைக்கு அவர் கோயில் கட்டியிருப்பார். வீட்டில் மட்டும் அதைச் சொல்லவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்து விழுங்கினார்.

ஆனால் வேறொன்று போய்விட்டது. மனைவி பக்கத்தில் வந்து படுத்தால் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. ஆசை என்பதே எட்டிப் பார்க்கவில்லை. எப்போதாவது மனசு ஆசைப்பட்டாலும் உடம்பு கேட்கவில்லை. இது அந்த மாத்திரையின் பக்கவிளைவு, பலருக்கும் வருவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். யாராவது கவுன்ட்டரில் கேட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார், மாற்றித் தருவார் என்று அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். தன் டாக்டர் "வேற ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்து வந்துவிட்டார். வாயைத் திறந்து சொல்ல ஐம்பது வயதில் கூச்சமாம்! மனைவி ஒரு தடவை, ஒரே தடவை கேட்டாள்: "என் மேல ஏதாவது கோவமா?" "சேச்சே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. எப்பேர்ப்பட்ட மடத்தனம் பாருங்கள்.

போன திங்கட்கிழமை கடைக்கு ஒரு புதுப் பெட்டி வந்தது. பன்னிரண்டு பாட்டில். துள்ளி ஓடுகிற குதிரைப் படம், அதற்குக் கீழே 'நூறு சதவீதம் இயற்கை' என்ற வாசகம். கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் மாத்திரைகளைத்தான் சரிபார்க்கும். சேரக்கூடாத இரண்டைத் தட்டினால் சிவப்பாகக் கத்தும். பச்சிலைச் சாமான்கள் அதன் கணக்கிலேயே கிடையாது. சோப்பு, சீப்போடு சேர்ந்த பொருள். செவ்வாய்க்கிழமை அவர் ஒரு பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். புதன்கிழமை நெஞ்சு கொஞ்சம் படபடவென்று அடித்தது. வேலை செய்கிறது என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், லிஃப்ட் மெக்கானிக் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவன் நீட்டிய சீட்டில் அவர் விழுங்குகிற அதே மாத்திரை. வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இந்த மாத்திரை நல்லாத்தான் கேக்குது. ஆனா வீட்ல… அது வந்து…"

முழுசாகச் சொல்ல விடவில்லை அவர். இரண்டு வருஷமாகத் தான் சொல்ல முடியாததை இன்னொருவன் சொல்லக் கேட்டதும் நெஞ்சு இளகிவிட்டது. திரும்பி, குதிரைப் பாட்டிலை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"பச்சிலைதான் தம்பி. ஒண்ணும் பண்ணாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

இப்போது, சனிக்கிழமை, நாடி நூற்றிருபத்திரண்டு அடிக்கும்போது அந்த வார்த்தைகள்தான் காதுக்குள் கேட்டன. பையிலிருந்த பாட்டிலை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒட்டுச்சீட்டின் விளிம்பில், எறும்பு அளவு எழுத்தில், ஒரு வெளிநாட்டு மஞ்சள் பூச்செடியின் பெயர் இருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தடிப் புத்தகத்தை இறக்கினார். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் செரட்டோனின் என்கிற ரசாயனம் அளவுக்கு மீறும். நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு. முற்றினால் கடும் காய்ச்சல், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதும்கூட.

அவர் பயந்துபோனார். தனக்காக அல்ல. அந்தப் பையன் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவன். பத்தாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கை நடுங்கினால்?

பதிவேட்டில் நம்பர் இருந்தது. அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தார், மறுபடி. விலாசம் இருந்தது, கடையிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் செய்தார். தபால் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற மனைவிக்கு அன்று விடுமுறை.

"கொஞ்சம் உன் வண்டிய எடுத்துட்டு வா. ஒருத்தருக்குத் தப்பான மருந்து குடுத்துட்டேன். எனக்கு ஓட்ட முடியல."

"ஏன் முடியல?"

"வாயேன்."

பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். கடை முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினார். வழியெல்லாம் அவருடைய முழங்கால் அவள் இடுப்பில் தடதடவென்று இடித்துக்கொண்டே வந்தது. சிக்னலில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"பச்சை விழுந்துடுச்சு, போ."

வேலையில் இருப்பானா, வீட்டில் இருப்பானா, இருக்கிறானா? அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்டே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

கதவைத் திறந்தவள் மெக்கானிக்கின் மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை.

"மருந்துக் கடை சாரா? என்ன சார், இவ்ளோ தூரம்? அவருக்கு நேத்து ராத்திரியில இருந்து ஒரே காய்ச்சல். வேலைக்கே போகல. போனக்கூட அணைச்சு வச்சுட்டார்."

உயிரோடு இருக்கிறான். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். உள்ளே கட்டிலில் போர்வைக்குள் கிடந்தான் மெக்கானிக். முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது.

"தம்பி, வியாழக்கிழமை ஒரு பாட்டில் குடுத்தேனே. அத எத்தன சாப்பிட்ட?"

மெக்கானிக் தன் மனைவியைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். "எந்த பாட்டில்? எனக்கு ஒண்ணும் தெரியாதே சார்."

"குதிரைப் படம் போட்ட…"

"வேற யாருக்காவது குடுத்திருப்பீங்க. நான் அதெல்லாம் வாங்கல."

கண்களால் கெஞ்சினான். சொல்லிவிடாதீர்கள், இவள் முன்னால் சொல்லிவிடாதீர்கள் என்று.

"என்ன பாட்டில் சார்?" என்றாள் அவள். "ஃப்ளூ தானே இது? ரெண்டு நாள்ல சரியாயிடும்ங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரவே மாட்டேங்கறாரு."

அரை டாக்டர் யோசித்தார். இவனைக் காட்டிக் கொடுத்தால் வாங்கவே இல்லை என்று அடித்துச் சத்தியம் செய்வான், நகரவே மாட்டான். இரண்டு நாளில் சரியாகாது. முதுகுக்குப் பின்னால் தன் மனைவி நிற்பது அவருக்குத் தெரிந்தது. இவளைக் கீழேயே நிற்கச் சொல்லியிருக்கலாமே! இப்போது சொல்லலாமா, வண்டியைப் பார்த்துக்கொள் என்று? கட்டிலில் கால் இன்னொரு தடவை வெட்டியது.

"நானும் அந்த மாத்திரைதான் சாப்பிடறேன் தம்பி" என்றார். குரல் பிசிறியது. "ரெண்டு வருஷமா. மனசுக்கு. உனக்கு இருக்கற அதே கஷ்டம் எனக்கும் இருக்கு. உடம்பு ஒத்துழைக்கல. வீட்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்காகத்தான் அந்தப் பாட்டில நானும் சாப்பிட்டேன். இங்க பாரு என் கைய. பாரு."

இரண்டு கைகளையும் நீட்டினார். நீட்டிய கை நிற்கவே இல்லை.

"அந்த மாத்திரையோட இது சேரக்கூடாது. நான்தான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. நீ ஒரு தப்பும் பண்ணல. எத்தன சாப்பிட்டன்னு மட்டும் சொல்லு, கெஞ்சிக் கேக்கறேன்."

 குழந்தை ஏதோ மழலையில் முனகியது. மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் கேக்கட்டும்னு வேளைக்கு ரெண்டு ரெண்டா போட்டேன்" என்றான். தலையணை உறைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தது அவன் மனைவிதான். அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "லூசு" என்றாள். அழுதுகொண்டே போய் அவன் செருப்பை எடுத்து வந்து போட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். அவசரப் பிரிவு டாக்டர், அவருக்கு மகள் வயதிருக்கும், பாட்டிலைப் படித்துவிட்டு நர்ஸிடம் கடகடவென்று ஏதேதோ சொன்னாள். டிரிப்ஸ் ஏறியது. மெக்கானிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. இரண்டு மணி நேரம் அரை டாக்டர் தன் மானிட்டரைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலின் நாடித்துடிப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நூற்று முப்பது. நூற்றிருபத்தைந்து. மறுபடி நூற்று முப்பது. ஏறும்போதெல்லாம் தலையைத் தூக்கி நர்ஸைத் தேடினார். கடைக்குப் போன் போட்டு, பெட்டியில் எத்தனை பாட்டில் மிச்சம் என்று எண்ணச் சொன்னார். பத்து. வேறு யாருக்கும் போகவில்லை. "எல்லாத்தையும் எடுத்து உள்ள போட்டுப் பூட்டுங்க" என்றார். முதலாளி கத்தியது பக்கத்துக் கட்டில் வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு மெக்கானிக்கின் எண் தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. கால் வெட்டுவது நின்று தூங்கிவிட்டான்.

"தப்பிச்சாரு" என்றாள் டாக்டர். "இன்னிக்கும் ரெண்டு ரெண்டா போட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். ராத்திரி இங்கயே இருக்கட்டும். நீங்களும்தான். அந்தப் பாட்டில இனிமே தொடாதீங்க. மனசுக்கான மாத்திரைய இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன், மறுபடி எப்போ ஆரம்பிக்கணும்னு உங்க டாக்டர்கிட்ட பேசிட்டு சொல்றேன், நீங்களா எதுவும் பண்ணாதீங்க." போகப் போனவள் நின்றாள். "இந்தப் பிரச்சினைய அவர்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா மாத்திரைய மாத்திக் குடுத்திருப்பாரு சார். அவ்ளோதான்."

அவ்வளவுதான். இரண்டு வருஷம்.

மனைவி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாடியிலிருந்து இந்த நேரம் வரைக்கும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சீட்டு எழுதியது, ரத்தம் எடுக்க வந்தவனுக்கு வழி விட்டது, எல்லாம் ஊமையாக. இப்போது மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உங்க கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்குல்ல. போன மாசம் மூணு நாள் லீவு போட்டுட்டு அங்க உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"யாருன்னு பாக்க. கடைக்கு வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தரையும் பாத்தேன். கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் வருவாங்கல்ல, அவங்ககிட்ட நீங்க சிரிச்சு சிரிச்சுப் பேசினீங்க. அவங்கதான்னு முடிவே பண்ணிட்டேன்."

"ஐயோ! அவங்க தைராய்டும்மா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே உடைந்து முகம் கோணியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"என்கிட்ட நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

"எப்படிக் கேக்கறது? கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா நான் எங்க போவேன்?"

 ஊசி குத்தாத கையை அவள் பக்கமாக நீட்டினார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரமாக வந்தாள். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, நடுக்கம் அடங்கட்டும் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.