பிழைகள்: பூஜ்யம்

தைவானில், தாய்ச்சுங் நகரத்துக்கு வடக்கே, கடைசல் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில் தூ யா-ஜூவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். கணினி என்று பெயர் வைத்த எதுவானாலும் அவள் தலையில்தான் விடியும். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவள், முதலாளி கடவுச்சொல்லை மறந்தாலும் அவள். ஆள் படு சுத்தம். இயந்திரம் அடங்கி ஓடட்டும் என்று சர்வர்மேல் வைக்கிற பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தைக்கூட காலாவதியாக ஒரு வாரம் இருக்கும்போதே மாற்றிவிடுவாள். பொட்டலம் பழசானால் இயந்திரம் சண்டித்தனம் செய்யும் என்று அங்கே பட்டம் வாங்கிய பொறியாளர்களே நம்புகிறார்கள், அவள் நம்பக் கூடாதா? அவளை யாரும் குறை சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு வருஷத்துக்கு முன் கம்பெனி பழைய மின்னஞ்சல் மென்பொருளைத் தலைமுழுகியது. ஒவ்வொருவருடைய பழைய கடிதங்களும் ஒரே பெரிய கோப்பாக மூட்டை கட்டிக் கிடந்தன. அந்த மூட்டைகளைப் பிரித்து, கடிதத்துக்கு ஒரு கோப்பாக மாற்ற வேண்டும். மேலாளர் லியாவ் வேலையை அவளிடம் தள்ளிவிட்டார். யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த பைத்தான் லைப்ரரி ஒன்றை எடுத்து அவளே நிரல் எழுதினாள். லைப்ரரி மூட்டையைப் பிரித்துக் கொடுக்கும். கடிதத்தின் தலைப்பையே கோப்புக்குப் பெயராக வைத்து, அவள் நிரல் சேமிக்கும்.

ஓடவிட்டாள். கொஞ்ச தூரம் ஓடி நின்றது. தட்டிக்கொடுத்தாள், மறுபடி நின்றது. லியாவ் கதவருகே வந்து நின்றார்.

"என்ன யா-ஜூ, இன்னும் மூட்டைய அவுத்துக்கிட்டேதான் இருக்கியா? வெள்ளிக்கிழமை புதுசு வந்துடும். முடியுமா, இல்ல நானே உக்காந்து ஒவ்வொண்ணா காப்பி பண்ணட்டுமா?"

"முடிச்சுடுறேன் சார்."

அவள் இரண்டே வரி சேர்த்தாள்: பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்ததற்குப் போ. அதற்கப்புறம் நிரல் நிற்கவே இல்லை. முடிவில் "பிழைகள்: பூஜ்யம்" என்று எழுதிக் காட்டியது. பிழையை எண்ணாதே என்று வாயைக் கட்டிப்போட்ட நிரல் வேறு எதைச் சொல்லும்? லியாவ் அதன் அச்சுத் தாளில் முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். அந்த வாரக் கூட்டத்தில் அவளுக்குக் கைதட்டல் கிடைத்தது.

இரண்டு வருஷம் போனது. தெற்கே ஒரு பட்டறையில், கம்பெனி விற்ற இயந்திரம் சுழலும்போதே அதன் கதவுப் பூட்டு திறந்துகொண்டு, தொழிலாளி ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. தர ஆய்வாளர் ஷூ யோங்-ஃபா மனம் கொதித்துப் போனார். எல்லாருக்கும் அவர் ஆஃபா அண்ணன்.

"அந்தப் பூட்டு சரியில்லன்னு, பழைய மெயில் இருந்தப்பவே மூணு வாட்டி போட்டேன். லியாவ் சாருக்கும் போட்டேன், டிசைன்காரங்களுக்கும் போட்டேன்."

"எனக்கு அப்படி ஒண்ணும் வந்த ஞாபகம் இல்லியே," என்றார் லியாவ்.

தேடும் பொறுப்பு யா-ஜூவிடம் வந்தது. மாற்றிவைத்த பழைய கடிதங்களில் இரண்டு நாள் உண்மையாகவே தேடினாள். அந்தக் கம்பெனியில் குறை அறிவிப்பு அனுப்பினால் தலைப்பில் ஆய்வாளரின் குடும்பப் பெயரைப் போட வேண்டும். லின் அனுப்பியவை இருந்தன, காவ் அனுப்பியவை இருந்தன. ஷூ அனுப்பியது என்று ஒன்றுகூட இல்லை. பதினைந்து வருஷ ஆய்வாளர் ஒருவர் ஓர் அறிவிப்புகூட அனுப்பாமல் இருந்திருப்பாரா? அந்த இடத்தில் அவள் மனசு ஒரு கணம் தடுக்கத்தான் செய்தது. பூஜ்யம் போட்ட தாளை நினைத்துக்கொண்டாள், தடுக்கியதை ஒதுக்கிவிட்டாள்.

முப்பது பேர் உட்கார்ந்த கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: "அனுப்பினவர் பெட்டியிலயும் இல்ல, வாங்கினவங்க பெட்டியிலயும் இல்ல. மாத்தினப்போ ஒண்ணுகூட தவறல, அறிக்கை இருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மாசு அம்மனுக்குப் போட்டிருப்பாரு, கோயில்ல போய்த் தேடுங்கப்பா!" என்றது. சிரிப்பு எழுந்தது.

ஆஃபா சிரிக்கவில்லை. "யா-ஜூ, நல்லா பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன் அண்ணே. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

கடமையைக் கோட்டைவிட்டவர், விட்டதை மறைக்கப் பொய்யும் சொன்னவர் என்ற பெயரோடு ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார்.

இந்த வசந்தத்தில் கடிதங்களை மறுபடி வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. ஏற்கனவே மாற்றியதை இன்னொரு தடவை மாற்றுவானேன் என்று நினைத்தாள். நொறுக்கச் சொல்லியும் சோம்பலில் அலமாரியிலேயே விட்டிருந்த பழைய வட்டை எடுத்து, மூல மூட்டைகளைப் புது லைப்ரரியில் கொடுத்தாள். அது முதல் காரியமாக எண்ணிக்கை சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன் அவள் சேமித்ததைவிட நானூற்றுச் சொச்சம் கூடுதலாக இருந்தது. விடுபட்டவற்றின் தலைப்புகளைத் திரையில் வரவழைத்தாள். குறை அறிவிப்பு, ஷூ. குறை அறிவிப்பு, ஷூ. பதில்: குறை அறிவிப்பு, ஷூ. திரை முழுக்க அதே பெயர்.

பழைய கணினி முறையில் ஷூ என்ற சீன எழுத்து இரண்டு துண்டாகப் பதிவாகும். இரண்டாவது துண்டும், கோப்புறைப் பெயர்களைப் பிரிக்கும் சாய்வுக் கோடும் ஒன்றே. கோப்பின் பெயரில் ஷூ வந்தால், அதுவரை உள்ளதை ஏதோ கோப்புறையின் பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். இல்லாத கோப்புறையைத் தேடித் தோற்றுப்போகும். தோற்றதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைத்தவள் யா-ஜூ. இப்படித் தொல்லை தரும் ஷூ, குங், காய் என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து, ஷூ குங்-காய் என்று ஓர் ஆளாகவே ஆக்கி அந்த ஊர்க் கல்லூரிகளில் கேலி பேசுவார்கள். அவளும் பேசிச் சிரித்தவள்தான். தெரியாமல் செய்திருந்தால் மனசு ஆறும். இவளுக்குத் தெரிந்திருந்தது.

பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. தனக்குத் தானே சால்ஜாப்பு சொல்லிப் பார்த்தாள்: அவசரப்படுத்தியது லியாவ், கடிதத்தைப் படித்தும் மறந்தது லியாவ். எல்லாம் நிஜம்தான். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது லியாவ் இல்லை. பன்னிரண்டாம் நாள் லியாவிடம் போய்ச் சொன்னாள்.

அவர் கதவைச் சாத்தினார். "முடிஞ்சு போன விஷயம். பட்டறைக்காரனோட சமாதானம் ஆயாச்சு. இப்ப கிளறினா உன் வேலைதான் போகும். அந்த வட்டை நொறுக்கிடு."

"ஆஃபா அண்ணன் பேரு?"

"அவரே மறந்திருப்பார், விடும்மா."

அவள் பூட்டைப் பற்றிய அந்த மூன்று கடிதங்களையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றே கிளம்பினாள்.

ஆஃபாவின் மனைவி பீ-யுன் காலைப் பலகாரக் கடை வைத்திருந்தாள். மத்தியானம் ஆகிவிட்டதால் கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆஃபா ஈரமில்லாத மேஜையில் உட்கார்ந்து, மிஞ்சிய முள்ளங்கிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார். யா-ஜூ உட்காராமல், நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். தாள்களை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"மார்ச் பதினாலு... 'சுழலும்போதே பூட்டு திறக்கிறது. உடனடியாக, உடனடியாகக் கவனிக்கவும்.'" விரலால் அந்த வரியைத் தொட்டார். "ரெண்டு உடனடி. நான்தான் அப்படிப் போடுவேன்."

"ஆமா அண்ணே. நீங்க அனுப்பினீங்க. நான்தான் தொலைச்சேன்."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னே."

"இதையும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். திங்கக்கிழமை கூட்டத்துல. வேலை போனா போகட்டும்."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "பீ-யுன், நான் அனுப்பியிருக்கேன்."

பீ-யுன் ஈரக் கையைத் துடைக்காமலே வந்து தாளைப் பார்த்தாள். அப்புறம் யா-ஜூவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று யா-ஜூ எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"கம்ப்யூட்டர்லயே இல்லன்னாங்க. அப்ப இவருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். செய்யாததைச் செஞ்சேங்கறாரே, மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும்னு பயந்துட்டேன். நான்தான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன், மறதிக்கு மாத்திரை குடுத்தாங்க," என்றாள் பீ-யுன். "இவரும் நம்பிட்டாரும்மா. ஸ்கூட்டர் சாவிய அவராவே எங்கிட்டக் குடுத்துட்டார். பேரப்பிள்ளைய ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரச் சொன்னாக்கூட, நான் மறந்துட்டா என்ன பண்றதுன்னு போக மாட்டேங்கறார்."

உள்ளே போய், கிழமை எழுதிய மாத்திரை டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு மத்தியான மாத்திரை இன்னும் குடுக்கல. குடுக்கணுமா, வேண்டாமா? நீயே சொல்லு."

ஆஃபா தாள்களை ஒழுங்காக அடுக்கி, முதல் கடிதத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.