கையெழுத்திட்ட இடம்

கொல்கத்தாவில் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும், "உங்கள் தேஷ் எது?" என்பார்கள். சொந்த ஊரைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். இங்கே வந்து எத்தனையோ வருடமாகியும், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே "திருநெல்வேலி" என்று பதில் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு, வீட்டு மின் இணைப்பு தங்கை செல்வியின் பெயருக்கு மாறினால்தான் அவள் மாவுக்கடை தொடங்க முடியும். மூத்தவள் நான் சம்மதம் எழுதி, நோட்டரி சான்றோடு அனுப்ப வேண்டும். ஊரிலேயே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். சான்றின் அடியில், இடம் திருநெல்வேலி என்றிருந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து, திருத்தச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே கொல்கத்தாவில், அலிப்பூர் நோட்டரியும் கவனிக்காமல் முத்திரை குத்திவிட்டார்.

முத்திரை கொல்கத்தா, இடம் மட்டும் திருநெல்வேலியா என்று ஊர் மின்வாரிய அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். செல்வி போனில் பொரிந்தாள். "ஏக்கா, நீ திருநெல்வேலி வந்து கையெழுத்துப் போட்டிருக்கியாமே! வீட்டுக்கு எட்டிப் பாக்காமலே போயிட்டியா?"

சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. என் அசட்டையால் அவள் கடை நிற்கக் கூடாது என்று மறுநாளே அலிப்பூருக்குப் போனேன்.

நோட்டரியின் குமாஸ்தா பழைய தாளைப் பார்த்து அப்படியே தட்டினார். மறுபடியும் திருநெல்வேலி! மாற்றச் சொன்னேன்.

"காகொஜ் தோ ஓகானேய் ஜாபே, திதி" என்றார். காகிதம் அங்கேதானே போகப்போகிறது, அக்கா என்கிறார்.

"நா, தாதா. நான் எங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேனோ, அதுதான் இடம்" என்று அவரை அண்ணனாக்கி, எனக்குத் தெரிந்த வங்காளத்தில் மல்லுக்கட்டினேன்.

வெளியூரில் இருப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில், என் கண்ணெதிரே கையெழுத்திட்டார் என்று நோட்டரி சொல்வதுதான் சான்று. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். நிரப்ப வேண்டிய எந்த இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம்.

இடம் கொல்கத்தா என்று மாறிய தாளில், நோட்டரி எதிரே உட்கார்ந்திருக்க, தமிழில் கையெழுத்திட்டேன். அதன் வால்மேல் பாதி ஏறி விழுந்தது கொல்கத்தா முத்திரை.

அடுத்த வாரம் செல்வி கூப்பிட்டாள். "வாங்கிக்கிட்டாங்கக்கா. எல்லாம் சரியா இருக்காம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ இங்க வரலைன்னு இப்பம் தெளிவாத் தெரியுது."

"கடை திறக்க வாரேன், பாரு" என்றேன்.

அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன், திரும்பி வருவதற்கும் சேர்த்து.