ஓரடி புதைந்த கல்

திருச்சுழிப் பக்கம் ஓர் ஓடைக்குக் குறுக்கே தரைப்பாலம். வருஷத்தில் பதினொரு மாதம் ஓடையில் ஆடுதான் மேயும். ஐப்பசியில் தண்ணீர் பாலத்துக்கு மேலேயே ஏறி ஓடும். ஆழம் தெரிவதற்காக ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கல் ஒன்றை நட்டிருந்தோம். ஓரடிக்கு மேல் தண்ணீர் போனால் பஸ் இறங்கக் கூடாது என்பது விதி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஒன்றியத்துப் பாலங்களுக்கெல்லாம் நான்தான் இன்ஜினியர். எனக்குக் கீழே ஓர் ஓவர்சியர், ரோட்டைப் பராமரிக்கும் ஆறு கேங்மேன்கள், பாதி நாள் ஓடாத ஒரு ஜீப்.

ஓர் ஐப்பசி மழையின்போது அக்கரை ஊர்க்காரர்கள் மனுவோடு வந்து நின்றார்கள்.

"முழங்கால் தண்ணிதான் சார். கல்லு மூணடி காட்டுதுன்னு பஸ்ஸு திரும்பிப் போயிருது. புள்ளத்தாச்சிய டவுன் ஆஸ்பத்திரிக்கு எப்பிடிக் கொண்டு போறது?"

தண்ணீர் வடிந்ததும் போய் டேப்பைப் பிடித்தேன். கல்லின் பூஜ்யம் சாலை மட்டத்துக்கு ஓரடி கீழே கிடந்தது! முந்தின வருஷம் லாரி இடித்துச் சாய்ந்த கல்லைத் திரும்ப நட்டவர், அந்த ரோட்டுக் கேங்மேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"ஏன்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" ஊர்க்காரர்கள் முன்னாலேயே கத்தினேன். வேலை போய்விடும் என்றும் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்" என்றார் அவர். "ஓரடிதான் சட்டம். ஆனா டிரைவருக, இன்னும் ஓரடி தாங்கும்னு இறங்கிருறாக. அந்த ஓரடியத்தான் மண்ணுக்குள்ள வச்சேன்."

"வாய மூடுய்யா. பொய் சொல்ற கல்ல வச்சா கவர்மெண்டு நடத்துறது?"

அவர் கல்லைப் பிடுங்கிச் சரியான மட்டத்தில் நட்டார். நான் மூன்று தரம் அளந்தேன். முழங்கால் தண்ணீர் என்றாலே விதியைத் தாண்டியாயிற்று என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்தாம் நாள் பேய்மழை. கல் இரண்டடி காட்டியது. காலை பஸ் இறங்கிவிட்டது. நடுப்பாலத்தில் இன்ஜின் நின்று, பின்சக்கரம் ஓரத்தை விட்டு நழுவியது.

நான் பதறியடித்துப் போய்ச் சேர்ந்தபோது அத்தனை பேரும் கரையில் இருந்தார்கள். கேங்மேன்தான் வேலமரத்தில் வடத்தைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்திருக்கிறார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் இல்லை. அப்பவே சொன்னேனே என்று அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"எல்லாரும் கரையேறிட்டாக சார். நீங்க டீ குடிச்சீகளா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழை விட்டதும் கடப்பாரையோடு போனேன். துணி சுற்றிய கையோடு அவர் அதை வாங்க வந்தார், நான் கொடுக்கவில்லை. கல்லைப் பிடுங்கிக் குழியை ஆழமாக்கி நானே இறக்கினேன்.

"டேப்பு எடுக்கவா சார்?"

"வேண்டாம். நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். "இன்னும் நாலு விரக்கடை இறங்கட்டும்" என்றார்.

இறக்கினேன்.