ஆகாயத்தில் சொன்ன வழி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் நாத்தனார் விட்டுப்போனவள். பம்மலில் தோல் கம்பெனி வேலைக்குப் போய், யார் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். கையெழுத்துப் போடுவேன், கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் கடைசி மகன் டெல்லிக்கு வேலைக்குப் போனவன். அங்கேயே மாரடைப்பு வந்து போய்விட்டான். நானும் பெரிய மகளும் போய்ப் பெட்டியில் வைத்துக் கூட்டிவரக் கிளம்பினோம். மலிவு டிக்கெட் விமானம், காப்பி கூடக் காசு கொடுத்தால்தான். பெட்டி கீழே சரக்கோடு வரும், நீங்கள் மேலே உட்கார்ந்து போங்கள் என்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் செத்தவரைக் கொண்டுவரும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும். இது பாலம், இது கோயில், இது நம் தெரு என்று. சொல்லாவிட்டால் அவர் பின்தங்கிப் போவார், வீடு தெரியாமல் அலைவார். என் மாமனாரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்தபோது நான்தான் சொன்னேன்.

விமானத்தில் ஏறியதும் பணிப்பெண்ணிடம் கேட்டேன். தமிழ்ப் பெண்தான்.

"என் புள்ள பொட்டிய எந்தப் பக்கம்மா வெச்சிருக்காங்க?"

அவள் பின்னால் கை காட்டினாள். "பின்பக்கமா இருக்கும் பாட்டி. கடைசில சீட் காலிதான், வந்து உக்காருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தேன். கிளம்பியதும் சொல்ல ஆரம்பித்தேன். "தோ, மேல ஏறுது பாரு. பயப்படாத. மேகத்துக்குள்ள போவுது."

மகள் என் கையை அழுத்தினாள். "மெதுவாம்மா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பேசறதுக்குமா காசு கேப்பாங்க?"

ஜன்னலோரம் இருந்தவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "எங்கிட்டயாம்மா பேசறீங்க?"

"உங்கிட்ட இல்லப்பா. கீழ என் புள்ள வர்றான்."

அவர் கையிலிருந்த நூடுல்ஸ் கப்பை மூடி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ஆறு தெரியுதும்மா, சொல்லுங்க" என்றார். அதையும் சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி வந்ததும், "இனிமே நம்ம ஊருதான்டா" என்றேன்.

இறங்கி, சரக்கு எடுக்கும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு மகளிடம் சொன்னார். "இதுல வரலம்மா. லோடு ஜாஸ்தியாப் போச்சுன்னு அங்கயே எறக்கிட்டாங்க. சாயந்தரம் வர்றதுல வந்துடும்."

மகள் சத்தம் போட்டாள். நான் ஒன்றுதான் கேட்டேன். "அப்ப என் காலுக்குக் கீழ இருந்தது இன்னா?"

"சரக்குதாம்மா. கொரியர் பார்சல், பேகு, அதான்."

சாயங்காலம் அவன் தனியாக வந்தான். மீனம்பாக்கத்திலிருந்து வேனில் பெட்டிமேல் கையை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். திரிசூலம், பல்லாவரம், வலது பக்கம் திரும்புறோம் என்று. ஆனால் அவ்வளவு தூரம் வந்த ஆகாய வழியை யார் சொன்னார்கள்? என் வழியைக் கேட்டுக்கொண்டு வந்தது யார் யாருடைய சாமான்களோ. அவை எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்றிலிருந்து சாயங்கால விமானம் தாழ வரும்போதெல்லாம் யாரோ எங்கள் வாசல் கேட் வரைக்கும் வந்து நிற்கிறார்கள். எந்த வீடு என்று தெரியாமல் நிற்கிற மாதிரி. உள்ளே வருவதில்லை. போய்த் திறந்து பார்ப்பேன். தெரு காலியாக இருக்கும்.

"பொறந்த வூடும்மா, அவனுக்குத் தெரியாதா?" என்கிறாள் மகள்.

"தரைல வந்தா தெரியும். ஆகாயத்துல ஏதுடி தெரு?"

அவனுக்கு அந்த ஆகாய வழியை இன்னும் ஒரு தடவை சொல்லியாக வேண்டும். எனக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, தொடர்ந்து பேச முடியவில்லை. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் ஆயா."

"அப்ப மாடிக்கு வா. சாயங்கால பிளேன் இறங்கற நேரம். டெல்லில ஏறுன எடத்துலேர்ந்து படி கண்ணு. சத்தமா படி, அவசரப்படாம படி."