கண்ணாடி ஏற்றிய லாரியில் ஒரு டிரம்பெட்

சித்திரை வெயிலில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஒருவர் லாரிக்குள் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? எனக்கு மாரடைப்பு என்று தோன்றியது. எதைக் கண்டாலும் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். சங்ககிரியில் எங்கள் லாரி புக்கிங் ஆபீசின் ஏழு படிகளையும் இறங்கி ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே டிரைவர் அண்ணன் கன்னம் உப்ப டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒண்ணுமில்லீங்க சார், சத்தம் வெளிய போவக்கூடாதுன்னு ஏத்தி உட்டேன்" என்றார்.

என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். எல்லோரும் அண்ணன் என்றதால் நானும் அப்படியே அழைத்தேன். இருந்த ஒரே லாரியைத் தானே ஓட்டினார். மகளுக்கு மூச்சிரைப்பு, அம்மாவுக்கு முட்டிவலி, வழுவழுப்பாகத் தேய்ந்துபோன பின்டயர்கள் என்று அவர் கவலைகளை ஒருநாள் விரல்விட்டு எண்ணினேன். பதினொன்று வந்தது. என்னுடையவை ஒன்பதுதான், அதற்கே நான் இரண்டு வேளை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். இவரோ நாற்பத்துநாலு வயதில் சேலத்தில் தம் கிறிஸ்தவப் பங்குக் கோயிலின் பேண்டில் சேர்ந்து டிரம்பெட் கற்கத் தொடங்கியிருந்தார். ஓட்டும்போது ஊத முடியாது. வீட்டில் ஊதினால் மகளால் படிக்க முடியாது. மிச்சமிருந்தது சரக்கேற்றும் முறைக்கு, அதாவது டர்னுக்கு, காத்திருக்கும் நேரம்தான்.

இப்போது டர்ன் கைப்பேசியில் வருகிறதாம். நான் கிளார்க்காக இருந்தபோது, லாரிகள் வந்த வரிசைப்படி நோட்டில் எழுதி, காலை பத்து மணிக்கு வண்டி எண்ணை மூன்று முறை கூப்பிடுவேன். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை அடித்துவிட்டு வரிசையின் கடைசியில் எழுதுவேன். ஒருமுறை, ஏற்றிய கண்ணாடிக்குள் நான் கூப்பிட்டது கேட்காமல் அவர் டர்ன் போயிற்று. எட்டு நாள் காத்திருந்த டர்ன். "ஏனுங்கண்ணா, உங்க வண்டிக்கு ஏர் ஹாரன் எதுக்குங்க? நீங்களே போதுமுங்களே!" என்று ஒரு திருச்செங்கோட்டு டிரைவர் கேட்க, டீக்கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். மறுநாளிலிருந்து கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தார். பயிற்சியை நிறுத்தவில்லை. தினம் நாற்பது நிமிடம்; என் கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டு கோயில் திருவிழாவில், மாலையில் தேர் புறப்படும்போது ஒருவர் மட்டும் தனியாக ஊத வேண்டிய பாட்டு அவருக்கு வந்தது. வழக்கமாக ஊதுகிறவருக்கு முன்பல் இரண்டை எடுத்துவிட்டார்களாம். திருவிழாவுக்கு முந்தின நாள் நோட்டைப் பார்த்தேன். மறுநாள் முதல் டர்ன் அவருடையது. சரக்கு ஏற்றினால் அப்போதே கொச்சிக்குக் கிளம்ப வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகளில் செய்யாததைச் செய்யத் துணிந்து, மெல்லக் கேட்டேன்: "நாலு வண்டி தள்ளி எழுதிடட்டுமாங்க? ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாங்க சார். பின்னால நிக்கறவங்களும் வெயில்லதானுங்களே கெடக்கறாங்க? நாளைக்குக் கூப்புடுங்க. நான் இருக்க மாட்டேன். அடிச்சு எழுதிருங்க."

மறுநாள் மூன்று முறை கூப்பிட்டேன். எண்ணை அடித்துக் கடைசியில் எழுதினேன். பிறகு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன். அவர் மூச்சு நடுவில் அறுந்துவிடுமோ என்று வழியெல்லாம் பயம்.

தேர் அசைந்தது. பேண்ட் மொத்தமும் அடங்கியது. சரிகை வைத்த சிவப்புக் கோட்டில் அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். கண்ணாடிக்குள் அடைபட்டு நான் கேட்டிருந்த ஒலி, திறந்த வெளியில் எழுந்து கோபுரம் வரை போனது. எங்கும் பிசகவில்லை. பாட்டியின் சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த மகள், தன்னை மறந்து, "எங்கப்பா! எங்கப்பா!" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் யாரோ ஒருவர் தோளைத் தட்டி, "எங்க ஆபீஸ் டிரைவருங்க" என்றேன்.

அடுத்த நாள் காலை அண்ணன் டிபன் பாக்ஸோடு வந்து, என் மேசைமுன் நின்று எத்தனையாவது டர்ன் என்று கேட்டார். நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

"நாப்பத்தாறுங்களா?" என்றார், முகமெல்லாம் மலர. "நல்லதாப் போச்சுங்க சார். அடுத்த பாட்டுப் பழக அத்தன வண்டி போற நேரமாவது வேணுமுங்க."